மணி அண்ணனின் குரற்பதிவுகள்

நான்தான் அழித்தேன். இறந்துபோன ஒரு மனிதரின் குரலை, அவர் மனைவி என்னை நம்பிக் கொடுத்த குரலை, என் கையாலேயே அழித்தேன். வைரஸ் அல்ல... கணினிப் பழுதும் அல்ல. நான்!

ஹட்டனில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சிறிய கம்யூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, டைப்பிங், போனுக்கு ரீலோட்... இவற்றோடு எனக்கொரு பைத்தியமும் உண்டு. கணினியில் ஒரு கோப்பு இடம் மாறிக் கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. ஆண்டு வாரியாக, ஆள் வாரியாகக் கோப்புறைகள் போட்டு வைப்பேன். பழைய தமிழ் எழுத்துருவை மாற்றும் தளம், மங்கிய படத்தைத் தெளிவாக்கும் தளம் என்று இணையத்தைத் துழாவி, இலவசமாகக் கிடைப்பதையெல்லாம் பிடித்துவிடுவேன். "எதக் கேட்டாலும் தம்பிகிட்ட இருக்கு" என்று வருகிறவர்கள் சொல்லச் சொல்ல, தலைக்கனம் ஏறித்தான் போனது.

புஷ்பம் அக்கா அக்கரப்பத்தனைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். கணவர் மணி அண்ணனுக்குக் கொழும்பில் ஹோட்டல் வேலை. அக்காவுக்கு வாசிப்பு அவ்வளவாக ஓடாது. அதனால் அண்ணன் எல்லாவற்றையும் பேசியே அனுப்புவார். போன் நிரம்பிவிட்டதென்று ஒருநாள் அக்கா என்னிடம் கொண்டுவந்தார்.

"தம்பி, படம் போனாலும் பரவாயில்லப்பா. அவரு பேசுனது மட்டும் பத்திரமா இருக்கணும்."

"எங்கிட்ட குடுத்துட்டீங்கல்ல, கவலைய விடுங்கக்கா" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டு, போனைக் காலிசெய்து கொடுத்தேன். பிறகு ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். ஒரு பதிவைத் திறந்தேன். "புள்ள... கேக்குதா?" அடுத்ததிலும் "புள்ள... கேக்குதா?" அதற்கடுத்ததும் அதுவே!

தோட்டப் பக்கம் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். போய்ச் சேர்ந்ததோ இல்லையோ என்று ஒரே சேதியைத் திரும்பத் திரும்பப் பேசி அனுப்புவது எங்கள் ஆட்களுக்குப் பழக்கம். இதுவும் அப்படித்தான் என்று நானே முடிவு கட்டினேன். ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலிசெய்தேன். கோப்புறை சுத்தமாக இருந்தது... எனக்குத் திருப்தியாகவும் இருந்தது.

ஏன் முழுதாகக் கேட்கவில்லை? கொஞ்சம் பொறுத்திருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்?

சில மாதங்களில் மணி அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். அந்த அமளியில் அவருடைய போனும் தொலைந்தது. காரியம் முடிந்து அக்கா கடைக்கு வந்தார். "திருவிழாவுக்கு வர்றேன்னு பாட்டுப் பாடி அனுப்புனாரே, அதப் போடுப்பா" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மனிதர் எதைப் பேசினாலும் "புள்ள... கேக்குதா?" என்றுதான் தொடங்கியிருக்கிறார்!

அழிந்த கோப்புகளை மீட்கும் செயலிகளைத் தேடித் தேடி இறக்கினேன். ஒன்றும் பலிக்கவில்லை. கணினியில் அவை இருந்த இடத்தில் யார் யாருடைய கல்யாண வீடியோக்களோ ஏறியிருந்தன.

"வைரஸ் வந்து அழிச்சிருச்சுக்கா... இது ஒண்ணுதான் மிஞ்சுச்சு" என்று பொய் சொன்னேன். மழையில் நனையாமல் வேலைக்குப் போகச் சொல்லும் அந்த ஒரு பதிவை அவர் போனில் போட்டுக் கொடுத்தேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ என்னப்பா செய்வ... ஒண்ணயாவது காப்பாத்திக் குடுத்தியே!"

ஐயோ... திட்டியிருக்கக் கூடாதா?

போன வாரமும் வந்தார். கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்.

"மத்ததுல என்ன பேசுனாருன்னு நெனச்சு நெனச்சுப் பாக்குறேன், வர மாட்டேங்குதுப்பா. நீ ஏத்துனப்ப கேட்டிருப்பியே... ஏதாச்சும் ஞாபகம் இருக்கா?"

அவற்றில் நான் கேட்டது முதல் இரண்டு சொற்களை மட்டுமே. அதை எப்படிச் சொல்வேன்? அந்த முகத்தைப் பார்த்தால் உங்களால் சொல்ல முடியுமா?

"நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாருக்கா... ஒங்க கைவலிக்கு எண்ணெய் வாங்கிட்டு வர்றேன்னாரு."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எத்தனை காலத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு! "ஆமாப்பா... ஆமா! இப்ப ஞாபகம் வருது. அவரு கொரலே கேக்குது."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்தவர், வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"வேற ஏதாச்சும் ஞாபகம் வந்தா சொல்லுப்பா."

"சொல்றேன்கா" என்றேன்.