அரைத் தொட்டிக் கடல்

பல் பிடுங்கப் போன இடத்தில் கடல் ஞாபகம் வரும் என்று யார் கண்டது? போன வாரம், சென்னையில் ஒரு பல் ஆஸ்பத்திரி. வரவேற்பறையில் கடல்மீன் தொட்டி. பராமரிக்க வந்தவர் ஒரு வாளித் தண்ணீரில் பாக்கெட் உப்பைக் கொட்டிக் கலக்கினார். ஈரச் சுண்ணாம்பு மாதிரி ஒரு மணம். பேனா போன்ற கருவியை முக்கினார், உப்பின் அளவு எண்ணாக வந்தது, வேலை முடிந்தது. எனக்குப் பல்வலி மறந்து ராஜேஸ்வரி ஞாபகத்துக்கு வந்துவிட்டாள்.

போர்ட் பிளேரில் ஒரு சின்ன மீன் காட்சிசாலையில் நாங்கள் இருவரும் தினக்கூலி ஊழியர்கள். ஒரே நாளில் சேர்ந்தோம். இலங்கை மலையகத்திலிருந்து வந்து கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம் அவளுடையது. படித்தது விலங்கியல், வாயோ ஜங்லிகாட் மீன் சந்தை. எனக்கு இரண்டுமே போதாது.

சுற்றிலும் கடல் இருக்க உப்பு எதற்கு என்றுதானே கேட்கிறீர்கள்? மழைக்காலத்தில் கரையோரக் கடல் கலங்கி, நீர்த்துப்போகும். அதனால் பீப்பாயில் நல்ல தண்ணீர் பிடித்து, மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் மீன்தொட்டி உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைப்போம். இரவெல்லாம் காற்றுக்குழாய் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். காலையில் கண்ணாடி மிதவையை அதில் விடுவாள். உப்பு குறைந்தால் அது அமிழும். சரியாக இருந்தால் சிவப்புக் கோட்டில் நிற்கும். நான் நின்றபடியே பார்த்து “சரிதான்” என்பேன். அவள் முட்டி போட்டு, கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கிப் பார்ப்பாள்.

“நின்னுக்கிட்டுப் பாத்தா எல்லாமே சரியாத்தாம்ப்பா தெரியும்.”

ஒரு வருஷம் மழை விடவேயில்லை. பெரிய தொட்டியில் அழுக்குத் தண்ணீரைப் பாதி இறக்கியிருந்தோம். திரும்ப நிரப்ப உப்பு இல்லை, கப்பலும் இல்லை. மறுநாள் மெயின்லேண்ட் அதிகாரி பார்வையிட வருகிறார். எங்கள் மேலாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“டாங்கி ஃபுல்லா இருக்கணும்! கடைல கல்லுப்பு வாங்கிப் போடு. இல்லேன்னா குழாத் தண்ணிய விட்டு ரொப்பு.”

“சாம்பாரா சார் வைக்கிறோம்? உள்ள நட்சத்திர மீனு இருக்கு. தண்ணி நீர்த்தா செத்துரும்.”

“உன் வேலை போயிரும். சம்ஜா? புரிஞ்சுதா?”

“போகட்டும் சார். மீனு இருக்கும்ல.”

அவள் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

மறுநாள் இஸ்திரி போட்ட புடவையில் தொட்டியருகே நின்றாள். அதிகாரி, “யே ஆதா க்யோன்?” என்றார், ஏன் பாதி என்று.

“பானி ஆதா ஹை சார், நமக் பூரா ஹை.”

தண்ணீர்தான் பாதி, உப்பு முழுசு! அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். மேலாளர் சிரிக்கவில்லை. மாதம் முடிந்ததும் அவளை வர வேண்டாம் என்றுவிட்டார். போகும்போதுகூட அழவில்லை அந்த மகராசி. “கப்பல் வந்திச்சுன்னா மெதுவா ஊத்துங்க, ஒரே நாள்ல ரொப்பிராதீங்க” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். அந்தத் துணிச்சலை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. கப்பல் வந்தது, மெதுவாகவே ஊற்றினோம். ஒன்றுகூடச் சாகவில்லை.

காட்சிசாலை இருந்த இடத்தில் இன்று ஸ்கூட்டர் நிறுத்துகிறார்கள். கட்டடம் போனதில் எனக்கு வருத்தமில்லை. அது இடிவதற்கு வெகுநாள் முன்பே, அவள் போனதற்கு அடுத்த மழைக்காலத்திலும் உப்பு தீர்ந்தது. முடியாது என்று சொல்ல ஆள் இல்லை. குழாயைத் திறந்து தொட்டியை நிரப்பினார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வாரக் கடைசியில் நட்சத்திர மீன்களை முறத்தில் அள்ளி வெளியே கொட்டினோம்.