மாடியில் இருந்தவனின் சொந்த ஊர்

எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தவன் மேற்கு வங்காளத்துக்காரன். மால்டா பக்கம். மும்பையில், எங்கள் தாராவியிலேயே ஜரிகை வேலை. வாய் நிறைய என்னை அக்கா என்பான். தமிழும் ஓரளவு பேசுவான்.

போன வருஷம் திடீரென்று போலீஸ்காரர்கள் பட்டறை பட்டறையாக ஏற ஆரம்பித்தார்கள். வங்காளம் பேசினாலே பங்களாதேஷ்காரனா என்று கேள்வி. அவர்கள் கூட்டிப்போன ஆட்களில் சிலர் திரும்பவேயில்லை. இவன் பெற்ற தாயிடம்கூட போனில் இந்தியில் பேசத் தொடங்கினான்.

எங்கள் சந்தில் ஒரு பழக்கம். காக்கிச்சட்டை யார் கேட்டாலும் 'திருநவேலி' என்றுவிட வேண்டும். சேலத்துக்காரரும் அதைத்தான் சொல்வார். தாராவியில் பழைய குடிகள் திருநெல்வேலிக்காரர்கள் என்பதால் சந்துக்கே அது ஒரு காப்பு. என் வீட்டுக்காரர் அதை இவனுக்கும் சொல்லிக்கொடுத்தார்.

"ஏல, எவன் கேட்டாலும் திருநவேலின்னு சொல்லு. ஒரு பய தொடமாட்டான்."

"அவன்கிட்ட அசல் ஆதார் இருக்கு. எதுக்குப் பொய்? உங்களுக்கென்ன கிறுக்கா?" என்று கத்தினேன்.

"நீ சும்மா கெட."

ஒரு காலையில் நான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது இரண்டு போலீஸ்காரர்கள் வந்து, அவனை மாடிப்படியிலேயே நிறுத்தி ஊரைக் கேட்டார்கள். பாவிப் பயல், பயத்தில் திருநெல்வேலி என்றான். கார்டில் மால்டா.

"ஊரையே மாத்திச் சொல்றவன் கார்டு மட்டும் நிஜமா?" என்று ஒருவர் இந்தியில் கேட்டு அதைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் மெல்ல உள்ளே நழுவிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நான்தான் சண்டைக்குப் போனேன். அந்தப் போலீஸ்காரர் நிதானமாகத் திரும்பி, "நீ எந்த ஊர்?" என்றார். தாராவியிலேயே பிறந்தவள் நான். ஆனாலும் நாக்கு எழவில்லை. அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாளே சந்து முனையில் இரும்பு கேட் போடப் பேச்சு நடந்தது. வெளி ஆள் நுழையக் கூடாதாம். அடப்பாவிகளா, இந்த ஊருக்கு நாம் மட்டும் யார்? பயந்தவன்தான் முதலில் கோடு போடுகிறான். என் வீட்டுக்காரரும் தலையாட்டினார்.

பல நாள் கழித்து, தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. அவன்தான்.

"அக்கா, பார்டருக்கு அந்தாண்ட தள்ளிட்டாங்க. இங்க எல்லாரும் எங்க பாஷதான். இவங்களும் நீ எங்க ஆளு இல்லங்கிறாங்க. திரும்பி வந்தா சுட்டுடுவாங்களாம்."

என்னால் அழத்தான் முடிந்தது. அவன் குரலைத் தாழ்த்தினான்.

"யாரோ வராங்க. இப்ப எந்த ஊருன்னு சொல்லட்டும், அக்கா?"