பஞ்சுப் போர்வை போர்த்திய பாதை

அயர்லாந்தில் ராஸ்காமன் பக்கத்தில் எங்கேயாவது நல்ல கான்கிரீட் தளம் கண்ணில் பட்டால், யார் போட்டது என்று விசாரிக்க வேண்டியதில்லை. ஜார்லத் கானன் போட்டதாக இருந்தால் அவரே பக்கத்தில் நின்று சொல்லிவிடுவார். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். பதினாறில் கப்பலேறி லண்டன் போனார். இருபத்திரண்டு வருஷம் அந்த ஊர் மண்ணைத் தோண்டி, தோண்டிய இடத்தில் கான்கிரீட்டைக் கொட்டி, அந்தச் சம்பாத்தியத்தில் திரும்பி வந்து நிலமும் மாடும் வாங்கினார். யாரும் கைதூக்கி விடவில்லை. இதை அவரும் மறக்க மாட்டார், அடுத்தவரையும் மறக்க விட மாட்டார்.

"நான் போட்ட தளத்து மேல விமானமே இறங்கும்" என்பார்.

எப்போது இறங்கியது என்று கேட்டால், "இறங்கினா தாங்கும்னு சொன்னேன்" என்பார்.

இப்பேர்ப்பட்ட மனிதரின் சொந்த வீட்டுப் பாதை மட்டும் இருபத்தைந்து வருஷமாக வெறும் சரளைக்கல்லாகக் கிடந்தது. ரோட்டிலிருந்து தொழுவத்து முற்றம்வரை நூற்றிருபது மீட்டர். இரண்டு பக்கமும் முள்வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் கால் வைத்தால் முழங்கால்வரை இழுக்கும் சதுப்பு. போன அக்டோபரில் பால் லாரி அந்தப் பாதையில் அச்சுவரை புதைந்தது. இரண்டு டிராக்டர் கட்டி இழுத்து வெளியே எடுப்பதற்குள் அரை நாள் போனது. அடுத்த வாரமே பால் கம்பெனியிடமிருந்து கடிதம். பிப்ரவரி முதல் தேதி லாரி வரும். பாதை தாங்கினால் பால் எடுப்போம், தாங்காவிட்டால் அதோடு சரி.

பால் எடுக்க லாரி வராத வீட்டில் ஐம்பத்து நான்கு மாடுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சந்தைக்குத்தான் ஓட்ட வேண்டும். அவர் மனைவி அட்ராக்டா கடிதத்தை உரக்கப் படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

"ஊரான் வாசலுக்கெல்லாம் போட்டுட்டே. நம்ம வாசலுக்கு எப்ப?"

"நல்ல வேலைக்கு நேரம்னு ஒண்ணு வரணும், அட்ராக்டா."

"வந்திருச்சு. தேதி போட்டு வந்திருக்கு."

ஜார்லத் கணக்குப் போட்டார். ஜனவரியில் மாடுகளுக்குப் பால் வற்றிக் கிடக்கும், கன்று போட மாதக் கடைசி ஆகும், அதுவரை லாரியே தேவையில்லை. கான்கிரீட் கனரக லாரியைத் தாங்க இருபத்தெட்டு நாள் இறுக வேண்டும். ஆகவே ஜனவரி முதல் வாரத்தில் போட்டே ஆக வேண்டும். பயம் ஒன்றே ஒன்று, உறைபனி. இறுகாத கான்கிரீட்டில் உறைபனி இறங்கினால் மேல்தோல் மாவாக உதிர்ந்துவிடும். அப்புறம் உடைத்துப் போடுவதுதான் வழி, மறுபடி போட நாள் கிடையாது.

பக்கத்துப் பண்ணைக்காரர் ஹூபி முல்ரெனனுக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்? மதுக்கடையில் எல்லார் முன்னாலும் ஆரம்பித்தார்.

"ஏம்பா ஜார்லத், லண்டன்ல நீ போட்டதெல்லாம் விரிசல் விட்டதாலதான் ராவோட ராவா ஓடி வந்தியாமே?"

"ஹூபி, கேட்டுக்கோ. அந்தப் பாதையோரமா ஒரு கப்புல விளிம்பு வரைக்கும் டீ ஊத்தி வைப்பேன். பால் லாரி முழுச் சுமையோட அதை ஒட்டிப் போகட்டும். ஒரு சொட்டு சிந்தினா மாட்டையெல்லாம் வித்துட்டு கோழி வளர்க்கிறேன்."

"கோழி லாரியும் கனமாத்தான் இருக்கும்பா!"

கடை அதிர்ந்தது.

அன்றைக்கே வேலை தொடங்கியது. சேற்றை வழித்து எடுத்து, ஒரு அடி ஆழத்துக்குக் கருங்கல் கொட்டி, டிராக்டர் ஏறினாலும் தடம் விழாத அளவுக்கு ரோலர் ஓட்டினார். மேலே விரிக்கப் பாலித்தீன் தாளையும் கம்பி வலையையும் வேலியோரம் சாய்த்து வைத்தார், கொட்டக் கொட்டத்தான் விரிக்க வேண்டும். வலை தரையில் படுக்காமலிருக்க அடியில் வைக்கச் சின்னச் சின்னக் கட்டைகளும் தயார். கான்கிரீட்டின் கனம் எட்டு அங்குலம்.

"ஆறு இன்ச் பத்தாதா?" என்றார் வேலியோரம் நின்ற ஹூபி.

"உன் கல்லறைக்குப் பத்தும்."

ஜனவரி மூன்றாம் தேதி. வானத்தில் மேகம் மூடியிருந்தது, வானொலியும் உறைபனி இல்லை என்றது. பன்னிரண்டு கலவை லாரிகள் வர வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவன் கான்கிரீட் போடுகிறான் என்றால் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, மண்வெட்டியோடு தானாக வந்து நிற்பார்கள். அன்று பதினான்கு பேர் வந்தார்கள். ஹூபியும் வந்தார். பங்குச்சாமியார் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். தபால்காரர் கடிதம் கொடுக்க வந்தவர் மண்வெட்டியோடு நின்றுவிட்டார்.

ரோடோ குறுகல். ஜார்லத் போலீஸ்காரர் மாதிரி கைகாட்டினார். "வண்டியை ரோட்ல விடாதீங்க, கலவை லாரி திரும்பணும்! எல்லாத்தையும் உள்ள கொண்டுபோய் முற்றத்துல விடுங்க. அட்ராக்டா டீ போட்டிருக்கா!"

எல்லாம் உள்ளே போயின. ஒன்பது வண்டிகள்.

அப்புறம் நடந்த வேலையைப் பார்த்திருக்க வேண்டும்! முற்றத்தில் தொடங்கி ரோட்டை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே வந்தார்கள். வலையை விரிப்பார்கள், லாரி கொட்டும், ஆட்கள் இழுப்பார்கள், ஜார்லத் மட்டக்கட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அறுபத்தாறு வயதில் இருபது வயதுக்காரனைப் போல இடுப்பை ஆட்டி ஆட்டி, ரம்பம் இழுப்பதுபோல் கான்கிரீட்டைச் சமன் செய்துகொண்டு வந்தார். பின்னாலேயே ஒருவர் மாட்டுக் குளம்பு வழுக்காமலிருக்க விளக்குமாற்றால் குறுக்கே கோடிழுத்தார். முறைவைத்து வேலியோரமாக நடந்துபோய்ப் பன்றிக்கறி சாண்ட்விச்சும் ஆப்பிள் பணியாரமும் தின்றுவிட்டு வந்தார்கள். மத்தியானம் இரண்டு மணிக்குப் பன்னிரண்டாவது லாரி ரோட்டு வாசலில் கடைசிச் சட்டியையும் கொட்டிவிட்டுப் போனது.

ஜார்லத் ரோட்டில் நின்று இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். நூற்றிருபது மீட்டர், ஒரு சுருக்கம் இல்லை.

"எப்படி?" என்று கத்தினார்.

அந்தக் கோடியில் முற்றத்தில் நின்ற ஹூபி கார் சாவியைத் தூக்கிக் காட்டினார். "அருமை! நான் எந்த வழியாய்யா வீட்டுக்குப் போறது?"

பதினான்கு பேரும் ஒன்பது வண்டிகளைப் பார்த்தார்கள். அப்புறம் ஈரப் பாதையைப் பார்த்தார்கள். வேறு வழியே கிடையாது, சுற்றிலும் சதுப்பு. கான்கிரீட் இறுகி ஒரு கார் போகவே பத்து நாளாகும். முதலில் சாமியார் சிரித்தார். அதோடு எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஜார்லத்தின் சொந்த வண்டியும் உள்ளேதான் இருந்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் அட்ராக்டா சமையலறை ஜன்னலைத் திறந்தாள். "வானொலிக்காரன் பேச்சை மாத்திட்டான்! மேகம் கலையுதாம். இன்னிக்கு மைனஸ் அஞ்சு!"

ஜார்லத்தின் முகம் சாம்பலானது. தொழுவத்தில் இருந்த வைக்கோல் பாதி தூரத்துக்குத்தான் வரும். கான்கிரீட் இறுகும்போது தானாகவே சூடு விடும், அந்தச் சூட்டை வெளியே விடாமல் மூடினால் போதும். மீதி அறுபது மீட்டரை எதைக்கொண்டு மூடுவது?

"போர்வை" என்றார் ஹூபி.

"என்ன?"

"வீட்ல இருக்கிற பஞ்சுப் போர்வைய்யா! இது இன்னிக்குக் கெட்டா உடைச்சு எடுத்து மறுபடி போடுவே. அது வரைக்கும் என் கார் உன் மாட்டோட குடும்பம் நடத்தணுமா? ஓடுங்கப்பா!"

பதினான்கு பேரும் வேலியோரமாகச் சேற்றில் ஓடினார்கள். ஒரு மணி நேரத்தில் ரோட்டில் ஊர்வலமே வந்தது. தலையில் போர்வை, தோளில் கம்பளி, கைவண்டியில் மெத்தை. அக்கம்பக்கத்துப் பெண்களும் ஜமுக்காளத்தோடு வந்தார்கள். கான்கிரீட்டின்மேல் பாலித்தீனை விரித்து, முற்றத்துப் பக்கம் பாதிக்கு வைக்கோலும் மீதிக்குப் போர்வையுமாகப் பரப்பினார்கள். ஈரம் இறுகாத வாசல் பக்கத்தில் குறுக்கே பலகை வைத்து, அதன்மேல் மூடினார்கள். ஹூபி கொண்டுவந்தது ரோஜாப்பூ போட்ட இளஞ்சிவப்புப் போர்வை, ஓரத்தில் சுருக்கம் வைத்துத் தைத்தது.

ஜார்லத் அதைத் தூக்கிப் பிடித்தார். "ஹூபி, தினம் இதுக்குள்ளயா படுக்கிறே?"

"பேசாம போர்த்துய்யா!"

"ஃபாதர், ஒரு ஜெபம் சொல்லிடுங்களேன்" என்றார் தபால்காரர்.

"பாதை தூங்கப்போறதுக்கு ஜெபம் குருமடத்துல சொல்லித்தரலைப்பா" என்றார் சாமியார். ஆனாலும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு என்னமோ முணுமுணுத்தார்.

பொழுது சாயும்போது வேலை முடிந்தது. அட்ராக்டா வெந்நீர்ப் பை ஒன்றைக் கொண்டுவந்து வாசல் பக்கப் போர்வைக்குள் செருகினாள்.

"அது எதுக்கு?" என்றார் ஜார்லத்.

"நீ இதில்லாம படுக்கிறியா? அதுவும் உன்னை மாதிரிதானே?"

மறுநாள் காலை வயலெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை. ரோஜாப்பூக்கள்மேல் பனி உப்பாகப் படிந்திருந்தது. ஜார்லத் மண்டியிட்டு ஓரத்தைத் தூக்கி உள்ளே கை வைத்தார். கதகதப்பு! சாவியால் கீறினார், துளி மாவு உதிரவில்லை.

"அட்ராக்டா! உசிரோட இருக்கு!"

அடுத்த பத்து நாள் ஊர் கண்ட கூத்து கொஞ்சமல்ல. சாமியார் அட்ராக்டாவின் சைக்கிளில் பூசைக்குப் போனார். தபால் நடந்து வந்தது. ஹூபி தினமும் வந்து முற்றத்தில் நின்ற காரைக் கிளப்பி, நின்ற இடத்திலேயே ஐந்து நிமிஷம் ஓட்டிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். பதினோராம் நாள் ஒன்பது வண்டிகளும் ஹாரன் அடித்துக்கொண்டு கல்யாண ஊர்வலம்போல் வெளியே வந்தன.

பிப்ரவரி முதல் தேதி, மாட்டையும் பாலையும் காக்கும் புனித பிரிஜித்தின் திருநாள். ஊரே வேலியோரம் நின்றது. அன்றைய சுற்றில் ஜார்லத் வீடுதான் கடைசி, மற்ற பண்ணைகளின் பாலெல்லாம் லாரியில் நிறைந்திருந்தது. ஜார்லத் பாதையின் நடுத்தூரத்தில், சக்கரம் போகும் தடத்துக்கு ஒரு சாண் தள்ளி, கப்பில் டீயை விளிம்புவரை ஊற்றி வைத்தார்.

லாரி வந்தது. கப்பை ஒட்டிப் போனது. உள்ளே போய்ப் பாலை ஏற்றிக்கொண்டு, இன்னும் கனத்து, திரும்பியும் வந்தது. கப்பின் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டது!

ஓட்டுநர் டெக்லன் இறங்கினார். புது ஆள், பந்தயம் எதுவும் தெரியாது. குனிந்து கப்பை எடுத்தார். நாலு மடக்கில் குடித்து முடித்தார்.

"அடப்பாவி!" என்று ஹூபி அலறினார். "சிந்துச்சா இல்லையான்னு இனிமே எப்படிய்யா பாக்குறது?"

டெக்லன் மிரண்டுபோய்ப் புறங்கையால் வாயைத் துடைத்தார். "எனக்கு வச்சதுன்னு நெனச்சேன். ஆறிப்போச்சுண்ணே. ஆனா யார் ஊத்தினாங்களோ, விளிம்பு வரைக்கும் ஊத்தியிருந்தாங்க. சிந்தாம எடுக்கிறதுக்குள்ள பட்ட பாடு!"

இரண்டு பக்க வேலியோரமும் கூச்சல் கிளம்பியது. ஜார்லத் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வாழ்க்கையில் வாயைத் திறக்காமல் இருந்த ஒரே சந்தர்ப்பம் அது. ஹூபியின் தோளில் கையைப் போட்டார். அப்புறம் இரண்டு பேருமாக அந்தக் கான்கிரீட்டின்மேல், லாரி போன தடத்திலேயே, ஆடினார்கள். தாங்கியது.