கயிறில்லாமல் வந்த மாடு

மாடு ஏற்றப் போகிறவன் கயிறில்லாமல் போவானா? நான் போனேன். மேடம்கள் கூட வருகிறார்களே, வண்டி பளிச்சென்று இருக்கட்டும் என்று காலையிலேயே என் குட்டி யானையைக் கழுவி, தார்ப்பாய், கயிறு எல்லாவற்றையும் வீட்டில் இறக்கிவிட்டு, ஊதுபத்தி வேறு கொளுத்திக்கொண்டு கிளம்பினேன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு பெண்கள் உதவி மையத்துக்கு அவ்வப்போது லோடு அடிப்பேன். புருஷனிடம் அடிபட்டு வெளியே வந்தவர்களின் பீரோ, தையல் மிஷின், பாத்திரம் பண்டம் இவற்றைப் போய் எடுத்து வருவது. திருவிழா மேடையில் பலகுரல் பேசுகிறவன் என்பதால் மையத்து ஆலோசகருக்கு என் வாய் மேல் நம்பிக்கை கிடையாது. "அங்க வந்து வாயத் தொறக்கக் கூடாது" என்றுதான் ஒவ்வொரு முறையும் வண்டியில் ஏற்றுவார், என் வண்டியிலேயே என்னை.

அன்றைக்கு எடுக்க வேண்டியது, மையத்தில் தங்கியிருந்த ஒரு பெண்ணின் மாடு. மலையில் இருக்கும் அம்மா அவளுக்குக் கல்யாணத்தில் கொடுத்த கிடேரி, இப்போது சினை. அவள் வெளியேறிய பிறகு புருஷன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்: "மாடு இங்கதான கட்டிக் கீது? தானா வருவா." முன்பு அப்படித்தான் நடந்தது. மாடு தண்ணியில்லாமல் கத்துகிறது என்று யாரோ போனில் சொல்ல, போனாள். கை ஒடிந்து திரும்பினாள். கை கூடியதும் மாட்டை ஒப்படைக்கச் சொல்லிக் கோர்ட்டு உத்தரவு வாங்கிக் கொடுத்தார்கள். இன்றைக்கும் மாடு வராவிட்டால் அவள் மறுபடி போவாள். இது ஆலோசகருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவனுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

நைனார்பாளையம் தாண்டி உள்ளே போகும் ரோடு. என் பக்கத்தில் அவள், முக்காட்டோடு. பின்னால் ஸ்கூட்டரில் ஆலோசகரும் ஒரு பெண் காவலரும். "இன்னா ஆனாலும் நீ எறங்காதம்மா" என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

வெள்ளைச் சட்டை போட்டு அவன் வாசலில் காத்திருந்தான். உத்தரவை வாங்கி நிதானமாகப் படித்தான். அடிக்க வருவான் என்று நினைத்து நான் வண்டிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவன் சிரித்தான்.

"ஓட்டிக்கினு போங்க மேடம். நானா தடுக்கறேன்?"

சொல்லிவிட்டு மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான்.

"கயிறு எங்க வூட்டுது. விக்கிறவனே கயித்தக் குடுக்க மாட்டான். மாடுன்னுதான் எழுதிக் கீது. கயிறுன்னு எழுதிக் கீதா?"

எங்கள் பக்கத்து வழக்கம் அது. மாட்டைக் கொடுத்தாலும் கயிற்றை வீட்டில் வைத்துக்கொள்வார்கள். ஓட்டிப் போகிறவன்தான் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். ஆலோசகர் என்னைப் பார்த்தார். நான் பளபளவென்று இருந்த என் வண்டியைப் பார்த்தேன்.

எதிர்வீட்டுக்கு ஓடினேன். "அண்ணா, ஒரு கயிறு குடுங்க." கொட்டகையில் நாலைந்து தொங்கிக்கொண்டிருந்தன. அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க போயிடுவீங்க. நாங்க இங்க இருக்கணுமில்ல?" அடுத்த வீட்டில் கதவே சாத்தினார்கள்.

திரும்பி வந்தால் மாடு தொட்டியோரம் நின்று என்னையே முறைத்தது. ஆலோசகர் நெருங்கினால் கொம்பை ஆட்டியது. வேறு வழியில்லை, என் வித்தையை எடுத்தேன். வழியில் அவள் பேசியதைக் கேட்டிருந்தேன் அல்லவா, அதே குரலில், "வாடியம்மா... வாடி..." மாடு வாலைத் தூக்கிச் சாணி போட்டது. தெருவே சிரித்தது. அதிகமாகச் சிரித்தவன் அவன்தான்.

அப்போது வண்டிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"எறங்காத!" என்று ஆலோசகர் கத்தினார். அவள் இறங்கிவிட்டாள். முக்காடு தோளில் கிடந்தது. அவனுடைய சிரிப்பு நின்றது. அந்த வாசலில்தான் கை ஒடிந்தது என்று பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். அவனைத் தாண்டித்தான் தொட்டிக்குப் போக வேண்டும், போனாள். கூப்பிடக்கூட இல்லை. மாட்டின் கழுத்தடியில் கையை வைத்துச் சொறிந்தாள், அவ்வளவுதான். திரும்பி நடந்தாள். மாடு பின்னாலேயே வந்தது.

அவன் சட்டென்று பைக்கை உதைத்து, ஆக்சிலேட்டரை முறுக்கினான். தெரு அதிர்ந்தது. மாடு மிரண்டு பக்கவாட்டில் பாய, கொம்பு அவள் விலாவை உரசிப் போனது. காவலர் பாய்ந்து பைக் சாவியைப் பிடுங்கினார். "இன்னொரு தரம் முறுக்கு, பாக்கறேன்."

அவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு, அதன் கழுத்தில் மறுபடி கை வைத்தாள். நான் வண்டியைப் பின்பக்கமாக வண்டி உயரத்துக்கு இருந்த எருக்குவியல் மேட்டோடு சேர்த்து நிறுத்தினேன். முதலில் அவள் ஏறினாள். பிறகு மாடு. கண்ணாடியில் பார்த்தேன், தோளில் சுருட்டிய கயிற்றோடு அவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

சின்னசேலம் வரை அவள் பின்னாலேயே, மாட்டைக் கட்டிப் பிடித்தபடி நின்று வந்தாள். கடைவீதியில் நிறுத்தி, செய்த தப்புக்குப் பரிகாரமாக ஓடிப்போய்ப் புதுக்கயிறு வாங்கி நீட்டினேன். அவள் விரலில் சுற்றிப் பார்த்தாள்.

"இன்னாண்ணா இது, ஆட்டுக் கயிறு வாங்கியாந்துக்கிறீங்க? எங்கம்மா மாடுதானே குடுத்துச்சு?"

ஸ்கூட்டரில் இருந்த இரண்டு பேரும் சிரித்துத் தொலைத்தார்கள். நான் வாயைத் திறக்காமல் கடைக்குத் திரும்பி நடந்தேன்.