கறுப்பு மூக்கும் வெள்ளை மூக்கும்

1. வாய் முந்திக்கொண்டது

எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில் இருபது வருடம் நிழல் மரங்களுக்குக் கிளை கழித்தவன் நான். அந்த லோப்பிங் வேலையை விட்டுப் பறவை காட்டும் கைடாக இறங்கிய முதல் நாளே மாட்டிக்கொண்டேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்வேன்.

வந்தவர் சென்னையில் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத பெரிய செம்முதுகு மரங்கொத்தியைப் பார்த்தாக வேண்டும். இருந்ததோ ஒரே ஒரு காலை. பத்து மணிக்கு ஏர்போர்ட் வேன். இதே சிவப்பு முதுகோடு சின்னது ஒன்றும் இருக்கிறது. அது வீட்டு மரங்களிலெல்லாம் திரியும், மூக்கு கறுப்பு. பெரியது காட்டு ஓரத்து உயர்ந்த மரங்களை விட்டு அதிகம் இறங்காது, மூக்கு வெளிறிய தந்த நிறம். எனக்கு வேலை கொடுத்த கெஸ்ட் ஹவுஸ் முதலாளி, நாங்கள் 'நானா' (அண்ணன்) என்று கூப்பிடுகிறவர், இதைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

வாசல் பலா மரத்தில் சிவப்பு மின்னியது. "அந்தா டீச்சர்! அதாங்க பெருசு!" என்று கத்திவிட்டேன்.

"எங்க, எங்க? ஐயோ, பாத்துட்டேன்! என்ன செவப்பு!" டீச்சர் துள்ளினார். நோட்டில் பெயர் எழுதி அடிக்கோடும் போட்டார்.

பறவை தண்டைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தது. மூக்கு கறுப்பு.

நானாவும் பார்த்துவிட்டார். என்னை ஓரமாக இழுத்தார். "சும்மா ஈங்க சிவலிங்கம். அவங்க சந்தோசமா ஈக்கிறாங்க, அப்பிடியே போவட்டும்."

எனக்கு மனசு கேட்கவில்லை. "டீச்சர், தப்பாச் சொல்லிட்டேங்க. இது சின்னது. மன்னிச்சிருங்க."

டீச்சர் முகம் தொங்கிப்போனது. நோட்டில் எழுதிய பெயரை அடித்தார். நானா முறைத்த முறைப்பில், வேலை போனது என்றே நினைத்தேன்.

2. பட்ட வாகை

வேனுக்கு ஒரு மணி நேரம் மிச்சமிருந்தது. மலை உச்சியில் காட்டை ஒட்டி ஒரு பட்ட வாகை நிற்கிறது. பட்ட மரத்தில்தான் பெரியது புழு தேடும், பொந்தும் குடையும்.

"ஏற்றம் டீச்சர், நடப்பீங்களா?"

"ஓடவே ஓடுவேன், வாங்க!"

மூச்சிரைக்க மேலே ஏறியபோது பல இனம் கலந்த குருவிக் கூட்டமொன்று கலகலவென்று கிளைகளில் இறங்கியது. பெரியது இப்படிப்பட்ட கலப்புக் கூட்டத்தோடு சேர்ந்து வரும். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வாகையின் உச்சியில் கடகடவென்று தாளம்! சிவப்பு! கத்த வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டேன்.

டீச்சர் பைனாகுலரில் பார்த்தார். அதைக் கழுத்திலிருந்து கழற்றி என்னிடம் நீட்டினார்.

"நீங்க பாருங்க சிவலிங்கம். நீங்க சொன்னாத்தான் எழுதுவேன்."

பார்த்தேன். தந்த மூக்கு. வெளிறிய கண்.

"பெருசேதாங்க டீச்சர்!" டீச்சர் அழுதுகொண்டே எழுதினார்.

முதலில் மூக்கைப் பாருங்கள், பிறகு வாயைத் திறவுங்கள். அப்படியும் தவறிவிட்டால் உடனே ஒப்புக்கொள்ளுங்கள். பலா மரத்தடியில் நான் பேசாமல் இருந்திருந்தாலும் வேலை இப்போது போலவே நிலைத்திருக்கும். ஆனால் அந்தப் பைனாகுலர் என் கைக்கு வந்திருக்காது.