எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்

சொந்தத்தில் யாருக்காவது விமானத்தில் போகிற வேலை வந்தால் காலண்டரைப் பார்ப்பதற்கு முன்னால் டிக்கெட் அத்தையைக் கூப்பிடுவார்கள். பெரியண்ணன் மகன் விளையாட்டாக வைத்த பெயர் அது. போகப் போக, கூடப் பிறந்தவர்களே முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொன்னார்கள்.

சலவைக் கடையின் கவுண்டரில் உட்கார்ந்து, வருகிற துணிக்கெல்லாம் நம்பர் துண்டு குத்துவது அத்தையின் வேலை. ஒரு கை காலரில் பின் குத்தும். மறு கை போனில் விலை பார்க்கும். எந்தக் கம்பெனி பெட்டிக்குத் தனியாகக் கறக்கும், 'இலவசக் காலை உணவு' என்பது எங்கே வெறும் இரண்டு துண்டு ரொட்டி, 'விமான நிலையத்துக்கு மிக அருகில்' என்கிற விடுதிக்கு எத்தனை பாலம் தாண்ட வேண்டும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இதற்கெல்லாம் கூலியாகக் கிடைத்தது வசவுதான். விடிகாலை விமானம் பிடித்துக் கொடுத்தால் "தூக்கமே போச்சு" என்பார்கள். மத்தியானம் என்றால் "ஒரு நாளே பாழ்" என்பார்கள். மிச்சமானதைப் பற்றி மட்டும் ஒரு வாயும் திறக்காது.

அவள் எல்லோருக்கும் சொல்லும் முதல் பாடம் இதுதான்: "சிவப்பு எழுத்தை நம்பாதீங்க. கடைசி ரெண்டு சீட்டு, பத்துப் பேர் பார்க்கிறாங்கன்னு போட்டிருப்பான். எல்லாம் சும்மா பூச்சாண்டி."

அப்படிப்பட்டவளே ஒரு நாள் அந்தச் சிவப்பு எழுத்துக்குப் பயந்தாள்.

அவளுடைய தங்கைக்குக் கல்யாணம். நாற்பத்து நாலு வயதில் இரண்டாவது கல்யாணம். முதல் புருஷன் போன இடம் தெரியாமல் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது கட்டிக்கொள்ளப் போகிறவர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி வைத்திருக்கிறார். பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, அப்புறம் சாப்பாடு, அவ்வளவுதான்.

"அவர் பக்கம் நெறய பேரு வர்றாங்கக்கா" என்று தங்கை போனில் சொன்னாள். "என் பக்கம் யாரும் இல்லாம நான் மட்டும் நிக்கக் கூடாது. அது ஒண்ணுதான் கேக்குறேன். பக்கத்துத் தெருவுலயே ஒரு சின்ன லாட்ஜ் இருக்கு, சுத்தமா இருக்கும். லிங்க் அனுப்புறேன்."

அத்தை வீட்டாரிடம் சொன்னாள். வரமாட்டேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. பெரியண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "டிக்கெட் என்ன விலை வருதுன்னு பாரும்மா, பார்க்கலாம்" என்றார். அண்ணி, "பஸ்ஸுல ஒண்ணரை நாளு, இவரு இடுப்பு தாங்காது" என்று பெருமூச்சு விட்டாள். கல்யாணமே வேண்டாம் என்று காலம் தள்ளிவிட்ட சின்னண்ணன், "இந்த வயசுல எதுக்கு..." என்று ஆரம்பித்தவர், அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இந்த சீசன்ல விலை எகிறுமேன்னு சொல்ல வந்தேன்" என்று முடித்தார்.

அத்தைக்குப் புரிந்துவிட்டது. இவர்களுக்கு வேண்டியது டிக்கெட் இல்லை, சாக்கு. விலை கூடினால் 'நாங்க வரத்தான் பார்த்தோம், கட்டுப்படியாகலையே' என்று கௌரவமாகக் கழன்றுகொள்ளலாம். அந்தச் சாக்கைப் பிடுங்க வேண்டுமானால், வேண்டாம் என்று சொல்ல நா கூசுகிற அளவுக்கு மலிவாகப் பிடிக்க வேண்டும்.

அன்றிலிருந்து இதே வேலையாக இருந்தாள். ஒரு நாள் இறங்கும். அடுத்த நாள் ஏறும். பார்க்கப் பார்க்க ஏறுகிறதோ என்று பயந்து, கடையின் இஸ்திரிக்காரர் போனை வாங்கிக்கூடப் பார்த்தாள்.

"என் போனுல பார்த்தா மட்டும் குறைச்சிருவானாக்கா?" என்று ஆவிப் பெட்டியைத் தூக்கியபடி கேட்டார் அவர்.

"உங்களைப் பார்த்தா ஊருக்குப் போற மூஞ்சியாத் தெரியாதுல்ல."

"அது சரி" என்று அவர் கோட்டின் முதுகைத் தேய்க்கப் போய்விட்டார்.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அகப்பட்டது. ஐந்து பேருக்கு விமானம், தங்கை சொன்ன அதே லாட்ஜில் மூன்று அறை, சேர்த்து ஒரே விலை. போன வார விலையில் பாதி! அத்தை டப்பாவை மூடிவிட்டு, குடும்பக் குழுவில் லிங்கைப் போட்டாள். 'பாதி விலை. சாயங்காலத்துக்குள்ள சரின்னு மட்டும் சொல்லுங்க.'

சரி என்ற சொல் மட்டும் வரவில்லை. பெரியண்ணன் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினார். அது சரியா, பார்த்தேன் என்று அர்த்தமா, யாருக்குத் தெரியும்? 'பெட்டி எத்தனை கிலோ?' என்று அண்ணி கேட்டாள். 'அவசரப்படாதே, கிணத்துத் தண்ணியை வெள்ளமா கொண்டு போகப் போகுது? என் ஆபீஸ்ல ஒருத்தன் இதைவிடக் குறைச்சு எடுப்பான்' என்று சின்னண்ணன் எழுதினார். அத்தையின் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவர் மட்டும், 'நீ பார்த்து செய்' என்று போட்டார். கல்யாணமான நாளிலிருந்து எதற்கும் அவர் பதில் அதுதான்.

அரை மணி கழித்து அத்தை பக்கத்தைத் திறந்தாள். சிவப்பு எழுத்து மின்னியது. 'இந்த விடுதியை இப்போது எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரே ஒரு அறை உள்ளது.' விலை பழையபடி மேலே ஏறியிருந்தது.

பூச்சாண்டிதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆனால் மூன்று அறை எப்படி ஒன்றாயிற்று? அந்தச் சின்ன லாட்ஜை நாட்டில் வேறு யார் தேடுகிறார்கள்? கோட்டுக்குக் குத்த வேண்டிய நம்பரைப் புடவைக்குக் குத்தினாள். பெரியண்ணன் வீட்டுக்குப் போன் போட்டாள். எடுத்தது அண்ணி.

"அண்ணி, போச்சு. ரூம் போகுது, விலை ஏறுது. யாரோ எட்டுப் பேர் மேல விழுந்து பார்க்கிறாங்க."

"ஆமாம்மா, நாங்களும் பார்த்துக்கிட்டுதான் இருக்கோம்."

"நாங்கன்னா?"

"உங்க அண்ணன் கம்ப்யூட்டர்ல பார்க்கிறாரு. நான் போன்ல. நீ சொன்ன விலை நெசந்தானான்னு பையன் அவன் போன்ல பார்க்கிறான். நாலு எடத்துல பார்த்தாதானே நம்பிக்கை வரும்?"

பின்னாலிருந்து பெரியண்ணன் குரல் கேட்டது: "பணம் கட்டுற பக்கம் வரைக்கும் போய்ப் பார்த்தேன்னு சொல்லு. கட்டலை. சும்மாதான்."

"சும்மாவா!" அத்தை போட்ட சத்தத்தில் இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அங்க போனா சீட்டையும் ரூமையும் உங்க பேர்ல பிடிச்சு வச்சுக்குவான் அண்ணா! மிச்சம் இருக்குறதுக்கு வெலையை ஏத்துவான்!"

"நானும் அங்க வரைக்கும் போனேனே" என்றாள் அண்ணி, பெருமையாக.

அத்தை விரல் விட்டு எண்ணினாள். பெரியண்ணன், அண்ணி, பையன். சின்னண்ணன் ஒன்று, குறைச்சு எடுக்கிற ஆபீஸ்காரன் ஒன்று. கணவருக்குப் போன் அடித்தாள். "நீ கஷ்டப்படுறியேன்னு நானும் வேன்ல உக்காந்து ஒரு பார்வை..." என்றார் அவர். பார்த்துச் செய் என்று சொன்ன மனுஷருக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே பார்க்க வேண்டுமென்று இன்றைக்கா தோன்ற வேண்டும்! அவளோடு சேர்த்து ஏழு.

சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது இதுதான். ஒரு வீட்டு ஆட்கள் ஒருவருக்கொருவர் போட்டியாக நின்று, தங்களுக்குத் தாங்களே விலை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

குழுவில் குரல் பதிவு போட்டாள். "எல்லாரும் அந்தப் பக்கத்தை மூடுங்க. மூடி, போனைக் கவுத்து வைங்க. நான் சொல்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. சின்னண்ணா, உங்க ஆபீஸ் மேதாவிகிட்டயும் சொல்லிடுங்க."

'எதுக்கு இவ்வளவு கோபம்' என்று சின்னண்ணன் எழுதினார். போனைக் கவிழ்த்து வைக்கச் சொன்ன பிறகுதான் எழுதினார்.

ஒரு வாடிக்கையாளர் வந்து, தன் கோட்டுக்குப் பதில் யாருடையதோ புடவை வந்திருப்பதாகச் சண்டை போட்டார். அத்தை தேடி எடுத்துக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு மறுபடியும் பார்த்தாள். ஐந்து பேர். கொஞ்ச நேரத்தில் மூன்று. அறை இரண்டாயிற்று, மூன்றாயிற்று. விலையும் இறங்கியது, மத்தியான விலைக்கு வரவில்லை என்றாலும் பக்கத்தில் வந்து நின்றது. அப்புறம், 'இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.'

ஒன்று தான். மற்றது யார்?

கணவர் சத்தியம் செய்தார். அண்ணி, மூன்று போனும் சாப்பாட்டு மேசையில் குப்புறக் கிடப்பதாகச் சொன்னாள். சின்னண்ணன் எடுக்கவே இல்லை, கோபமாம். அந்த இரண்டு மட்டும் அசையவில்லை. வேறு யாரோ நிஜமாகவே அந்த அறை மேல் கண் வைத்திருக்கிறார்கள் என்று அத்தைக்குப் பதைத்தது. லாட்ஜிலேயே சொல்லிவைக்க முடியுமா என்று கேட்கத் தங்கைக்குப் போன் போட்டாள்.

"யாரோ ஒருத்தர் விடாம பார்த்துக்கிட்டே இருக்காங்கடி. ரூம் போயிடும் போல."

தங்கை குரலைத் தாழ்த்தினாள்.

"அது நான்தான்க்கா."

"நீயா? நீ எதுக்குடி?"

"தினம் பார்க்குறேன். மூணு ரூம் காலியாவே கெடக்கும். இன்னிக்கு ஒண்ணுதான் இருக்குன்னு காட்டுச்சு. அப்பாடா, எடுத்துட்டீங்க போலன்னு நெனச்சேன். இப்ப திரும்பவும் மூணு ஆயிடுச்சு." அவளே மேலும் சொன்னாள்: "பரவால்லக்கா. கட்டுப்படி ஆகலைன்னா விட்டுருங்க."

"நீ போனை வை" என்றாள் அத்தை.

அவள் யாரையும் கேட்கவில்லை. தன் கார்டை எடுத்தாள். அந்தப் பக்கத்தில் இரண்டு விலை இருந்தது. ஒன்று, வேண்டாமென்றால் பணம் திரும்பும். இன்னொன்று அதைவிடக் குறைச்சல். போட்டால் போட்டதுதான், சல்லிக்காசு திரும்பாது. இந்த இரண்டாவது ஒரு பொறி, பக்கத்தில் போகாதே என்று ஊருக்கே பாடம் எடுத்தவள் அவள். பார்த்துப் பார்த்து அதையே அமுக்கினாள்.

குழுவில் எழுதினாள்: 'அஞ்சு டிக்கெட்டும் மூணு ரூமும் எடுத்தாச்சு. வந்தாலும் வராட்டியும் காசு திரும்பாது. அவங்கவங்க பங்கை அனுப்பிடுங்க.'

காசு கொடுத்த சாமானை வீணடிக்கிற பழக்கம் அவர்கள் வம்சத்திலேயே கிடையாது. விமானத்தில் கொடுக்கிற சர்க்கரைப் பொட்டலத்தைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள்.

முதல் பதில் அண்ணியிடமிருந்து. 'உங்க அண்ணனுக்கு நடைபாதை ஓரம்தான் வேணும், இடுப்பு.' அப்புறம் சின்னண்ணன்: 'லாட்ஜ்ல இஸ்திரிப் பெட்டி இருக்குமா? என்கிட்ட ஒரு கோட்டுதான் இருக்கு.' கடைசியாகப் பெரியண்ணன்: 'இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்திருந்தா நல்லா குறைஞ்சிருக்கும்.'

அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு போனைக் கவிழ்த்தாள். கவிழ்த்த போன் மறுபடி அதிர்ந்தது. எடுக்கக் கூடாது என்று நினைத்து, எடுத்தாள். தங்கை.

'அக்கா, ரூமே இல்லைன்னு காட்டுதே!'

"என்னக்கா, மறுபடியும் விலை ஏறிடுச்சா?" என்றார் இஸ்திரிக்காரர்.

"இல்ல" என்றாள் அத்தை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "சின்னண்ணன் கோட்டு ஒண்ணு வரும். நல்லா ஆவி பிடிச்சுத் தேய்ங்க. பத்து வருஷமா அலமாரியிலயே கெடந்தது."