கேட்டில் கழற்றி வைத்த பல் கம்பி

நாற்பத்தொரு வயதில் பல்லுக்குக் கம்பி கட்டியவன் நான். முன்பல் இரண்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் ஒரு வெடித்திரியை நிற்க வைத்துவிடலாம். வைத்தும் காட்டியிருக்கிறேன், வெறும் திரியைத்தான். விருதுநகர் பல் டாக்டரம்மா இரண்டு வருடம் கம்பியை முறுக்கி முறுக்கி அதை மூடினார்.

எனக்கு வேலை சிவகாசியில் ஓர் அச்சகத்தில், பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைவது. மாதிரித் தாளோடு விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு அடிக்கடி போவேன். கேட்டில் செல்போன், சாவி, பெல்ட் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் தட்டில் கழற்றி வைத்தால்தான் உள்ளே விடுவார்கள். இரும்பு உரசிப் பொறி பறந்தால் வெடிமருந்து சும்மா இருக்காது. அந்த இரண்டு வருடமும் பல்லில் ஒட்டிய கம்பியோடு வாயை இறுக மூடிக்கொண்டு போய் வந்தேன். அமைதியான ஆள் என்று அங்கே எனக்கு நல்ல பெயர்கூட உண்டு.

கம்பியைப் பிரித்த மறுநாள்தான் அந்தப் பெயர் கெட்டது. பிரித்த கையோடு, கழற்றி மாட்டும் க்ளிப் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். ரோஜா நிறப் பிளாஸ்டிக், முன்னால் ஒரு கம்பி. "சாப்பிடும்போது மட்டும் கழட்டுங்க. ஒரு வாரம் போடாம விட்டா பல்லு பழைய இடத்துக்கு நகர ஆரம்பிச்சிரும்" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

கேட்டில் சோதனை போடும் அக்காவிடம் பெருமை அடிக்காமல் இருக்க முடியவில்லை. "யக்கா, பாத்தீகளா, சந்து போயிருச்சு" என்று ஈ என்று காட்டினேன்.

அவர் பார்த்தது சந்தை அல்ல. "அது என்ன தம்பி, பல்லு மேல கம்பி?"

"க்ளிப்புக்கா. பல்லு நகராம இருக்கிறதுக்கு."

"கழட்டுங்க."

"வாயி ஈரமாத்தான இருக்கு, எங்கிட்டுப் பொறி பறக்கும்?"

"ஈரமா காஞ்சதான்னு போர்டுல போடல. நீங்க பேசுற பேச்சுக்கு அது உள்ள நிக்குமா? மருந்து ரூம்ல தெறிச்சு விளுந்துச்சுன்னா?"

மாதிரித் தாளின் ஓரத்தைக் கிழித்து, க்ளிப்பைச் சுற்றித் தட்டில் வைத்தேன்.

திரும்பி வந்தபோது போன் இருந்தது, சாவி இருந்தது, பெல்ட் இருந்தது. க்ளிப் இல்லை. அக்கா சாப்பிடப் போன நேரத்தில் மாற்றாளாக நின்றவர், கசங்கின காகிதம் என்று அதைக் குப்பைச் சாக்கில் போட்டிருக்கிறார். அன்றன்றைய கழிவு சாயங்காலம் எரிகுழிக்குப் போய்விடும்.

"இன்னும் சாக்கு போகல, வாங்க" என்றார் அக்கா. வேப்பமரத்தடியில் கொட்டினோம். அத்தனையும் லேபிள் கழிவு, முக்கால்வாசி நான் வரைந்த மயில். ஒவ்வொரு மயிலாகப் பிரித்துப் பார்த்தேன். என் மயில்களை அவ்வளவு கவனமாக வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கடைசியில் அக்காதான் கண்டுபிடித்தார். இரண்டு விரலால் தூக்கி, "இந்தாங்க. கழுவாம வாயில வச்சிராதீக" என்றார்.

அந்தச் சொல்லை நான் அளவுக்கு மேல் கேட்டேன். வீட்டுக்கு வந்ததும் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். கரண்டியால் எடுத்தபோது ஓரமெல்லாம் நெளிந்திருந்தது. எரிகுழிக்குத் தப்பியதை அடுப்படியில் வைத்து முடித்துவிட்டேன்.

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டு புதிதாக அளவெடுத்தார். செய்து வர ஒன்பது நாள் ஆனது. அதற்குள் ஒரு நூல் போகிற அளவுக்குச் சந்து விட்டுவிட்டது.

"இதுக்கு மேல விலகாம புது க்ளிப்பு பாத்துக்கும். இதையும் மூடணும்னா திரும்பக் கம்பிதான்."

"நூல் கிடக்கட்டும் டாக்டர்" என்றேன்.

இப்போது க்ளிப்புக்கு மூடி போட்ட டப்பா இருக்கிறது. கேட் நோட்டில் அக்கா எழுதுகிறார்: போன் ஒன்று, சாவி ஒன்று, பெல்ட் ஒன்று, பல் கம்பி ஒன்று. வெளியே வரும்போது டப்பாவைத் திறந்து காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்குகிறார். போன வாரம் என் வாயை உற்றுப் பார்த்தார்.

"சந்து இன்னும் இருக்கே தம்பி?"

"இருக்குக்கா. ஆனா திரி நிக்காது."